காலியாக விட்ட வரி

மும்பை குர்லா கோர்ட் வாசலில் மனு டைப் அடிக்கும் என்னிடம், மழைக்காலம்தோறும் ஒரு தாராவிக்காரர் வருவார். உட்காரும் முன் பிளாஸ்டிக் உறையைத் துண்டால் துடைப்பார். இந்த முறை உள்ளே, ‘எங்கள் பெட்ரோல் இயற்கையின் நண்பன்’ என்று ஒரு பெட்ரோல் கம்பெனியின் பச்சை விளம்பரம்.

“பெட்ரோல் எரிஞ்சா மழை இப்படிக் கெட்டுப்போவும்னு அவனுவளுக்கு முன்னமே தெரியும், அண்ணாச்சி. தெரிஞ்சே மறைச்சிட்டானுவ. வீட்ல இடுப்பளவு தண்ணி. மோசடி கேஸ்னு அடிங்க.”

“விளம்பரத்தை நம்பி நீங்க எதையாவது வாங்கியிருந்தாத்தான் மோசடி நிக்கும்.”

“எங்கிட்ட சைக்கிள்தானே இருக்கு.”

“பெட்ரோல் வாங்கினதா எழுதிடட்டுமா?”

“அவன் பொய் சொன்னான்னு கேஸு. அதுல நானும் பொய் சொல்லவா?”

எத்தனையோ மனுக்களில் பொய் அடித்த நான், ‘வாங்கிய பொருள்’ என்ற வரியைக் காலியாக விட்டேன். நிற்காத மனுவை உறைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு, அவர் நனைந்தபடியே போனார்.