பங்குதாரரின் கேள்வி

என் மனைவி ஒரு பெரிய வங்கியின் கிளையில் காசாளராக இருந்தாள். நான் மட்டக்களப்புப் பக்கம் பெரியகல்லாற்றில் மீன்பிடி வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிறவன். சம்பளத்தில் மிச்சம் பிடித்து அந்த வங்கியின் பங்குகளையும் கடன்பத்திரங்களையும் இருவர் பேரிலும் வாங்கி வைத்திருந்தாள். இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். அவளுக்குப் புற்றுநோய் என்று தெரிந்த பிறகுதான், ஆஸ்பத்திரி விறாந்தையில் முறைக்குக் காத்திருந்தபடி, அவள் எனக்கு விளக்கத் தொடங்கினாள்.

“இஞ்சாருங்க, கவனமாக் கேளுங்க. கடன்பத்திரம் எண்டா வங்கி நம்மளிட்ட கடன் வாங்கியிருக்கு. வட்டி தரும், தவணை முடிய முதலைத் திருப்பித் தரும். அதோட சரி. பங்கு அப்படியில்ல. வங்கியில ஒரு துண்டு நம்மட.”

“அந்தக் கட்டடமுமா?”

சிரித்தாள். சிரிப்பு இருமலானது.

“லாபம் வந்தா பங்கிலாபம் தருவாங்க. வராட்டி இல்ல. வங்கி முறிஞ்சா முதல்ல கடன் குடுத்தவங்களுக்கு, மறுகாதான் நமக்கு. ஒண்டும் மிஞ்சாது.”

“அப்ப ஏன் புள்ள பங்கை வாங்கின?”

“கடன்பத்திரம் மகளுக்கு. அவள் கம்பஸ் போற நேரம் முதிரும். பங்கு என்ட ஆசைக்கு. இவ்வளவு காலமும் மத்தவங்கட காசைத்தானே எண்ணினன்.”

வங்கியின் ஆண்டறிக்கையில் பெரிய பங்குதாரர்களின் பெயர்கள் இருந்த பக்கத்தைக் காட்டினாள். எல்லாம் கம்பனிகளும் நிதியங்களும்.

“நாம எங்க?”

“பெரிய ஆக்களைத்தான் போடுவாங்க. நாம அங்கால கிடக்கம்.”

நாடு எண்ணெய்க்கு வரிசையில் நின்ற காலம் அது. மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில் கிடந்தன, எனக்கும் வேலையில்லை. ஆஸ்பத்திரியில் இல்லாத மருந்தை வெளியில் வாங்கச் சொன்னார்கள். பங்குகளின் விலை விழுந்து கிடந்தது. கடன்பத்திரத்தைத் தொட வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாள். பங்கில் பாதியை விற்கும் படிவத்தில் கையெழுத்து வைத்தாள். அன்று முழுக்கச் சுவர்ப்பக்கம் திரும்பியே படுத்திருந்தாள்.

அந்த மருந்து அவளைக் காப்பாற்றவில்லை.

கடன்பத்திரம் முதிர்ந்த செய்தி தொலைபேசிக்கு வந்தபோது என் கையெல்லாம் கிறீஸ். துடைத்துவிட்டு, பல்கலைக்கழக விடுதியிலிருந்த மகளுக்கு அழைப்பெடுத்தேன்.

“அம்மாட காசு வந்திட்டு மகள்.”

அவள் அழுவது மட்டும் கேட்டது. வங்கி பட்ட கடனைத் தீர்த்துவிட்டது. இனி அந்தக் காசில் என் மனைவி இல்லை.

மிஞ்சிய பங்குகள் என் பேருக்கு மாறின. இந்த வருடம் வங்கியின் பொதுக்கூட்டத்தைத் தொலைபேசியிலேயே பார்க்கலாம் என்று அறிவித்தார்கள். பட்டறையில் ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்து பார்த்தேன். கோட் போட்டவர்கள் ஆங்கிலத்தில் பேசினார்கள். இடையிடையே பங்கிலாபம் என்பதற்கான சொல் மட்டும் பிடிபட்டது. பங்குதாரர்கள் கேள்வி எழுதலாம் என்று திரையின் கீழே ஒரு கட்டம் வந்தது. எனக்குக் கேட்க ஒன்றுமில்லை. ஆனாலும் தமிழில் எழுதினேன்: ‘என் மனைவி உங்கள் மட்டக்களப்புக் கிளையில் காசாளராக இருந்தவ. உங்களில் யாருக்காவது அவவை நினைவிருக்கா?’

அனுப்பினேன். மற்றவர்களின் கேள்விகளை வாசித்துப் பதில் சொன்னார்கள். என்னுடையதை வாசிக்கவில்லை. தமிழ் தெரியாமல் இருக்கலாம். அதைக் கேள்வியென்றே எடுக்காமலும் விட்டிருக்கலாம். நன்றி சொல்லிக் கூட்டத்தை முடித்தார்கள்.

வாசலில் எஞ்சினைத் தோளில் சுமந்தபடி ஒருவர் நின்றார்.

“அண்ணன், இண்டைக்குச் செய்து தருவீங்களா?”

“கொஞ்சம் பொறுங்க தம்பி,” என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய் முகம் கழுவினேன்.