ரெண்டு விசில்

"தூக்கக் கலக்கத்துல எதையோ கண்டிருப்பா"ன்னு சொல்றவங்க தாராளமா சொல்லிக்குங்க. நான் அன்னிக்குத் தூங்கவே இல்லை. நடந்தது நடுராத்திரியும் இல்லை. சாயங்காலம் அஞ்சு மணி பத்து நிமிஷம். கையில கடிகாரம் கட்டியிருந்தேன். டிசம்பர்ல எங்க ஊர்ப் பக்கம் சூரியன் எட்டியே பாக்காது. மத்தியானம் ரெண்டரைக்கே கும்மிருட்டு.

என் பேரு ஹெல்வி. ஃபின்லாந்தோட வடகோடியில, ஈனாரி ஏரிக்கும் மேல எங்க ஊரு. பதினோரு வருஷமா மீன் ஆலையில பெட்டி தூக்கித் தூக்கி என் முதுகு போச்சு. அந்தக் குளிர்காலம் உர்ஹோ நடத்துற பனிக்காட்டுப் பயிற்சியில சேர்ந்தேன். ஆறு வாரம். பனியைக் குடைஞ்சு படுக்கறது, ஈர விறகுல தீ மூட்டறது, ஏரியில பனிக்கட்டி உடைஞ்சு விழுந்தா ஏறி வர்றது... எல்லாத்தையும் கையால செஞ்சுதான் கத்துக்கணும். முடிஞ்சதும் ஒரே ஒருத்தரை உர்ஹோ தனக்கு உதவியா வேலைக்கு வச்சுக்குவார். அந்த வேலை எனக்குத்தான்னு இருந்தேன். இந்தக் காட்டுலயே பொறந்து வளர்ந்தவ நான். எனக்கில்லாம வேற எவளுக்கு?

அப்பத்தான் தைமி வந்தா. இருபத்தி நாலு வயசு. ஹெல்சிங்கிக்காரி. முதல் நாள் ஸ்கீயை, அதான் பனியில சறுக்கிப் போகக் கால்ல கட்டற நீளப் பலகையை, மாட்டத் தெரியாம பனியில குப்புற விழுந்தவ. மூணாவது வாரம், ஒரே தீக்குச்சியில நெருப்பு மூட்டிட்டா. எனக்கு ஏழு குச்சி ஆச்சு.

"என்னம்மா ஹெல்வி, காடே என் சொந்தம்னு பீத்திக்கிட்டே? சொந்தக்காரன் முகம் குடுக்க மாட்டேங்கறானே!" உர்ஹோ இப்படிக் கேட்டதும் எல்லாரும் கொல்லுன்னு சிரிச்சாங்க.

தைமி மட்டும் சிரிக்கலை. பக்கத்துல வந்து குனிஞ்சு, "நீங்க தீ மூட்டற மரப்பட்டை ஈரமாயிருக்கு, அவ்வளவுதான். என்னுதுல பாதி எடுத்துக்குங்க"ன்னு நீட்டினா. அவளும் சிரிச்சிருந்தா மன்னிச்சிருப்பேன்.

போதாக்குறைக்கு என் புருஷன் யோர்மா. ஒரு நாள் என்னைக் கூட்டிட்டுப் போக வந்தவன், வண்டியில ஏறினதும் ஏறாததுமா ஆரம்பிச்சான். "அந்தப் பொண்ணு என்ன கலகலன்னு பேசுது! நீயும் இருக்கியே... உர்ருன்னு."

கடைசி வாரம். தனியாத் தங்கற பரீட்சை. மத்தியானம் பன்னெண்டு மணிக்குப் போய், மறுநாள் காலை எட்டு வரைக்கும் ஆளுக்கொரு நெருப்போட தனியா இருக்கணும். ஆறு பேரையும் வரிசையா, முந்நூறு அடி தள்ளித் தள்ளி விட்டார் உர்ஹோ. அவர் கூடாரம் இந்தக் கோடி. நான் அஞ்சாவது ஆள். தைமி ஆறாவது, மேட்டுக்கு அந்தப் பக்கம்.

ஒரே ஒரு விதி. மணிக்கு ஒரு தடவை, கடைசியில இருக்கறவங்க விசில் ஊதணும். ஒரு விசில்னா நலம். ரெண்டுன்னா ஆபத்து. அடுத்த ஆள் அதைக் கேட்டு அப்படியே ஊதி, ஆள் ஆளாத் தாண்டி உர்ஹோ காது வரைக்கும் போகணும். ரெண்டு கேட்டா, பக்கத்துல இருக்கறவங்க ரெண்டு ஊதிட்டு உடனே ஓடணும்.

மேடு மறைச்சதால, தைமியோட விசில் என் ஒருத்திக்குத்தான் கேக்கும்.

இன்னொண்ணையும் சொல்லிடறேன். மத்தியானம் மேட்டைச் சுத்தி அவளோட போய், என் இடத்துக்குத் திரும்புறதுக்கு முன்னாடி, அவ இடம் பிடிச்சதைப் பாத்தேன். பெரிய ஊசியிலை மரம், அதுக்கு அடியில. மேல கிளை கிளையாப் பனி பாரம். நெருப்புச் சூடு ஏறினா அத்தனையும் மொத்தமாக் கீழ கொட்டும். முதல் வாரப் பாடம்தான். ஆனா காத்து அடிக்காத இடம்னு ஆசைப்பட்டு இங்க ஏமாறாத ஆளே கிடையாது.

"இந்த இடம் எப்படிங்க ஹெல்வி?"ன்னு கேட்டா.

"நல்ல இடம்"னு சொன்னேன்.

மூணு மணிக்கு ஒரு விசில். நானும் ஒண்ணு ஊதினேன். நாலு மணிக்கும் ஒண்ணு. குளிர் மைனஸ் முப்பத்தொண்ணு. ரெண்டு கட்டையை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி நெருப்பு போட்டிருந்தேன். நல்லா நின்னு எரிஞ்சுது. கையுறையைக் குச்சியில மாட்டிக் காய வச்சிருந்தேன். ஸ்கீ ரெண்டையும் முதுகுக்குப் பின்னால பனியில நட்டிருந்தேன். கலைமான் தோல் மேல உக்காந்து காபி குடிச்சேன்.

அஞ்சு மணி.

மேட்டுக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து... ஒரு விசில்.

கொஞ்சம் விட்டு... இன்னொண்ணு.

ரெண்டு.

கை விசிலுக்குப் போச்சு. எழுந்தேன்னுகூட நினைக்கறேன். அப்ப மனசு சொல்லுச்சு: பதறாதே, ஒரு மணி நேரம் தவிக்கட்டும். அவளும் தோத்துப் போவான்னு உர்ஹோ பாக்கட்டும்.

ஒரு விசில் ஊதினேன்.

ஒண்ணே ஒண்ணு. நலம்னு. அந்த ஒண்ணு நாலாவது ஆள், மூணாவது ஆள்னு தாண்டி உர்ஹோவுக்குப் போறதைக் காது குடுத்துக் கேட்டுக்கிட்டே உக்காந்திருந்தேன்.

அஞ்சு பத்து. என் முதுகுக்குப் பின்னால சத்தம்.

ஸ்ஸ்க்... ஸ்ஸ்க்...

ஸ்கீ நடக்கற சத்தம். என் இடத்துலேர்ந்து கிளம்பி, மேட்டைப் பாத்துப் போகுது.

"யாரு?"ன்னேன்.

திரும்பிப் பாக்கணும்னு நினைச்சேன். கழுத்து திரும்பலை. சத்தியமாத் திரும்பலைங்க. குளிர்ல விறைச்சுப் போச்சுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

ஸ்ஸ்க்... ஸ்ஸ்க்... தேஞ்சு தேஞ்சு நின்னுது.

அப்பத்தான் நெருப்பைப் பாத்தேன். ரெண்டு கட்டையில ஒண்ணைக் காணோம்.

எரிஞ்சுக்கிட்டிருந்த கட்டை. என் கண்ணு முன்னாடி இருந்தது.

கழுத்து இளகினதும் பின்னால பாத்தேன். ஸ்கீ நட்டது நட்டபடி இருந்துச்சு. குச்சியில காஞ்ச கையுறையைத் தொட்டேன்.

கையுறையோட உள்ளங்கையில கரி.

ஆறு மணி. மேட்டுக்கு அந்தப் பக்கம்...

ஒரு விசில்.

அப்பாடான்னு வரணுமே? வரலை. வெளியே சொல்லவே வெக்கமா இருக்கு. 'அதுக்குள்ள சமாளிச்சுட்டாளா?'ன்னுதான் முதல்ல வந்துச்சு. பயம் அதுக்குப் பின்னாலதான் வந்துச்சு. நானும் ஒண்ணு ஊதினேன். காலை வரைக்கும் அந்தப் பக்கத்துலேர்ந்து ஒண்ணு ஒண்ணாத்தான் வந்துது.

எட்டு மணிக்கு நேரா மேட்டுல ஏறினேன். மத்தியானம் நான் போய் வந்தது மேட்டைச் சுத்தி, வேற வழி. எனக்கு முன்னாடியே பனியில ஒரு தடம் போயிருந்துச்சு. என் இடது ஸ்கீயோட அடியில ஒரு கீறல் உண்டு. போற இடமெல்லாம் பனியில மெல்லிசாக் கோடு விழும். அந்தத் தடத்துலயும் கோடு இருந்துச்சு. திரும்பி வந்த தடத்தைத் தேடினேன். கிடையாது.

தைமி மரத்தை விட்டுத் தள்ளி உக்காந்திருந்தா. முன்னால நல்ல நெருப்பு. அடிக்கட்டை என்னுது. என் கோடாலி வெட்டு எனக்குத் தெரியாதா?

என்னைப் பாத்ததும் எழுந்து வந்து கட்டிப்பிடிச்சு அழுதா. "நீங்க வரலைன்னா செத்திருப்பேன். பனி மொத்தமும் நெருப்பு மேல கொட்டிருச்சு. சாக்ஸ் காய வைக்கப் பூட்ஸைக் கழட்டியிருந்தேன். பூட்ஸ் நிறையப் பனி, தீக்குச்சியெல்லாம் ஈரம். ரெண்டு விசில் ஊதினேன். கால் மணிகூட ஆகலை, எரியற கட்டையோட நிக்கறீங்க! என் காலை உங்க சட்டைக்குள்ள வச்சுச் சூடு பண்ணீங்களே... பெத்தவகூட இப்படிப் பாக்க மாட்டா."

நான் "சரி விடு"ன்னேன். வேற என்ன சொல்றது?

கூடாரத்துல உர்ஹோ என்னைத் தனியாக் கூப்பிட்டார். "ஏம்மா, தைமி எல்லாம் சொன்னா. ரெண்டு கேட்டுட்டு எதுக்கு ஒரு விசில் ஊதினே?"

"நானே பாத்துக்கலாம்னுதான்." பொய் தானா வந்துச்சு.

"விதி மீறல்தான். திட்டணும். ஆனா அந்தப் பொண்ணு பொழைச்சிருக்கு. ஜனவரி முதல் தேதி வந்து சேரு"ன்னார்.

வேலை கிடைச்சுது. நான் கேட்ட வேலை. ஆனா வாங்கினது நானில்லை.

எங்க பக்கம் இது புதுசு இல்லை. ஆள் வந்து சேர்றதுக்கு முன்னாலயே அவங்க காலடிச் சத்தம் வாசல்ல கேக்கும். கதவு திறக்கற சத்தம்கூடக் கேக்கும். போய்ப் பாத்தா யாரும் இருக்க மாட்டாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு நிஜ ஆள் வருவாங்க. 'முன்னால வர்றது'ன்னு சொல்லி, காபி போட ஆரம்பிச்சுடுவாங்க. யாரும் பயப்பட மாட்டாங்க. அது யாருக்கும் நெருப்பு கொண்டு போய்க் குடுத்ததா மட்டும் நான் கேள்விப்பட்டதில்லை.

ஜனவரியிலேர்ந்து நான் வர்றதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி என் ஸ்கீ சத்தம் வீட்டு வாசல்ல கேக்குதுன்னான் யோர்மா. பிப்ரவரியில கால் மணி. மார்ச் மாசம் ஒரு நாள் வீட்டுக்குள்ள நுழையறேன்... மேஜை மேல ரெண்டு காபிக் கோப்பை. ரெண்டும் காலி.

"மறுபடி எப்ப வெளிய போனே?"ன்னான் யோர்மா. முகமெல்லாம் சிரிப்பு. "இப்பல்லாம் நீ எவ்வளவு மாறிட்டே தெரியுமா? இன்னிக்குப் பேசின மாதிரி கல்யாணமானதுலேர்ந்து நீ பேசினதே இல்லை."

என்ன பேசினாள்னு கேக்கலை. கேட்டா அழுதுடுவேன். தைமி மேலகூட எனக்கு அவ்வளவு எரிச்சல் வந்ததில்லை.

போன செவ்வாய்க்கிழமை. சீக்கிரமே வேலை முடிஞ்சுது. யோர்மா சமையல்கட்டுல இருந்தான். நான் வந்தது அவனுக்குத் தெரியாது. மாடியில உக்காந்து ஹெல்சிங்கிக்குப் போன் போட்டேன். நாலு மாசமாத் தள்ளிப் போட்டதைக் கேட்டேன்.

"தைமி... அன்னிக்கு நான் ஏதாவது பேசினேனா?"

"ஒண்ணே ஒண்ணுதான். கிளம்பும்போது. எனக்கு அர்த்தம் புரியலை. கேக்கவும் சங்கடமா இருந்துச்சு."

"என்ன சொன்னேன்?"

"'அவ வர மாட்டா'ன்னீங்க. 'இனிமே எல்லா இடத்துக்கும் நான்தான் வருவேன்'னீங்க."

மணி நாலு இருபது.

கீழ வாசல்ல...

ஸ்ஸ்க்... ஸ்ஸ்க்...

யோர்மா ஓடிப் போய்க் கதவைத் திறக்கற சத்தம்.

"வா வா ஹெல்வி... உனக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கேன்."