இரண்டும் நல்ல துப்பாக்கிகள்

வெடிமருந்துப் புகையும் எண்ணெயும் கலந்த ஒரு வாடை அப்பாவின் சட்டைக் கையில் எப்போதும் இருக்கும். எத்தனை முறை அலசிப் போட்டாலும், வெயிலில் மொடமொடவென்று காய்ந்த பிறகும், முகத்தருகே கொண்டுபோனால் மூக்கில் ஏறும். குளச்சல் பக்கம் போட் இன்ஜின் பழுதுபார்த்துக்கொண்டிருந்தவர், அமீரகத்தில் உம்முல் குவைனுக்கு வெளியே மணல்மேடுகளுக்கு நடுவே இருந்த ஒரு துப்பாக்கி கிளப்பில் டெக்னீஷியன் வேலைக்கு வந்து, பதினோரு வருடம் அங்கிருந்த அத்தனை துப்பாக்கிகளையும் கழற்றி மாட்டினார். எங்கள் ஊரில் அதற்குத் "தோக்கு" என்று பெயர். "தோக்குக்கு ஆளப் பாக்கத் தெரியாது பிள்ளே, தோட்டாவ மட்டுந்தான் தெரியும்" என்பார். மேனேஜர்களுக்கு அந்த ஞானம் கிடையாது, அவர்களுக்கு ஆளை மட்டும்தான் பார்க்கத் தெரியும் என்பது எனக்குப் பன்னிரண்டு வயதில் புரிந்தது.

இரண்டாயிரங்களின் நடுவில் ஒரு குளிர்காலம். கிளப்பின் பழைய துப்பாக்கிகளைத் தள்ளிவிட்டுப் புதிதாகச் செமி ஆட்டோமேட்டிக் வாங்குவது என்று முடிவானது. விசையை அழுத்தினால் சுட்ட தோட்டாக்கூட்டைத் தானே வெளியே எறிந்துவிட்டு அடுத்ததை ஏற்றிக்கொள்ளும் வகை அது. கிளப்பில் பறக்கவிடும் களிமண் தட்டுகளைச் சுடவும், உறுப்பினர்கள் வெளிநாட்டுக்கு வாத்து வேட்டைக்குப் போகும்போது எடுத்துப்போகவும் ஒரே துப்பாக்கி போதும் என்று மேனேஜர் நினைத்தார். இரண்டு மாதிரிகள் வந்தன. ஒன்று சாதாரணம், பார்க்க மங்கல், வெடிக்கும் புகையின் அழுத்தத்தில் ஓடுவது, தினமும் துடைக்க வேண்டும். இன்னொன்று பெரிய வேட்டைத் தோட்டாவுக்காகவே செய்தது, உதைப்பின் வேகத்தில் ஓடுவது, பளபளவென்று மணப்பெண் மாதிரி இருந்தது. மேனேஜர் அதைப் பார்த்ததுமே மயங்கிவிட்டார்.

அப்பா மயங்கவில்லை. ஆயுத அறைக்குப் பின்னால் இருந்த திடலில் இரண்டையும் சுட்டுப் பார்த்தார். எங்கள் குவார்ட்டர்ஸ் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நான் எண்ணினேன். வேட்டைத் தோட்டாவை இரண்டும் விழுங்கின. தட்டு சுடும் சின்னத் தோட்டாவைப் போட்டபோதோ, மங்கலானது சிக்கவே இல்லை, பளபளப்பானது இருபத்தைந்துக்கு ஒன்பது முறை சிக்கிக்கொண்டது, சுட்ட கூடு பாதி வெளியே வந்து பல்லில் மாட்டிய நார்போல நின்றது. பெரிய உதைப்புக்குச் செய்ததைச் சின்ன உதைப்பால் தள்ள முடியாது, அவ்வளவுதான் விஷயம். அப்பா போய்ச் சொன்னார். "அச்சா பாய், எழுதிக் கொடு" என்றார் மேனேஜர்.

எங்கள் குடும்பம் கெட்டது அந்தக் காகிதத்தில்தான். அப்பாவுக்கு ஆங்கிலத்தில் தோட்டாப் பெட்டி படிக்கத் தெரியும், கடிதம் எழுதத் தெரியாது. கான்வென்ட் மகள் நான் இருந்தேன். அங்கே எல்லா வீட்டிலும் லீவு லெட்டரிலிருந்து விசா கொடுத்த கஃபீலுக்கு எழுதும் மன்னிப்புவரை பிள்ளைகள்தான் எழுதுவோம். அப்பா தமிழில் சொன்னார்: "அந்தப் பளபளப்பு வேண்டாம்ணு எழுது. சின்னத் தோட்டாவுல சிக்கும். நாலுபேருக்க முன்ன நாணங்கெட்டுப் போவோம்." சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். கிளினிக்கில் நர்ஸ் டியூட்டி முடிந்து வந்திருந்த அம்மா, என் தோளுக்கு மேலே எட்டிப்பார்த்துப் பதறிப்போனார். "முதலாளிட்ட இப்பிடியா மூஞ்சில அடிச்சமாதிரி எழுதுவாவ? நாம பிழைக்க வந்தவங்க. மரியாதையா எழுது."

நானும் மரியாதையாக எழுதினேன். எனக்கு என் ஆங்கிலத்தின்மேல் அப்படியொரு கர்வம். இரண்டும் மிகச் சிறந்த துப்பாக்கிகள், தங்கள் மேலான முடிவு எதுவானாலும் எங்களுக்குச் சம்மதமே, சிறிய தோட்டாக்களைப் பயன்படுத்தும்போது ஒருவேளை சற்றுக் கவனம் தேவைப்படலாம். 'வேண்டாம்' என்ற சொல் எங்கேயும் இல்லை. குளித்துவிட்டு வந்த அப்பா, "நான் சொன்னத எழுதினியா, படி" என்றார். காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, அதில் இருந்ததை அல்ல, அவர் சொன்னதையே திருப்பிச் சொன்னேன். தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

பளபளப்பானவற்றை வாங்கினார்கள். இரண்டு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, கிளப் முதலாளியும் விருந்தாளிகளும் வரிசையாக உட்கார்ந்திருக்க, தட்டு சுடும் போட்டியில் துப்பாக்கிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிக்கின. யாரோ சிரித்தார்கள். முதலாளி எழுந்து போய்விட்டார். மேனேஜர் அங்கேயே அப்பாவை நிற்கவைத்து, துப்பாக்கிகளைச் சரியாகத் துடைக்கவில்லை என்றார். நான் முன்பே சொன்னேனே என்று அப்பா சொல்ல, ஃபைலிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து எல்லோர் முன்னாலும் வாசித்தார். "இரண்டும் சிறந்தவை என்று எழுதியது நீதானே? கலாஸ், முடிந்தது."

ஒன்பது முறை சிக்கியதைத் தன் காதால் கேட்டவன் அவன். இனி 'அவர்' எதற்கு? தன் ஆசைக்கு வாங்கிவிட்டு, பழியை ஒரு கூலிக்காரனின் தலையில் கட்ட ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் மரியாதை அவனுக்குப் போதுமானதாக இருந்தது.

அப்பாவின் விசா ரத்தானது. அவருடைய விசாவில் இருந்த நானும் ஊருக்குக் கிளம்ப வேண்டியதாயிற்று. அம்மா மட்டும் நர்ஸ் வேலையில் இன்னும் ஏழு வருடம் அங்கே தனியாகக் கிடந்தார். கிளம்புவதற்கு முன் அப்பா கடிதத்தின் நகலை என்னிடம் நீட்டி, "உள்ளத அப்பிடியே படி" என்றார். படித்து, வரிவரியாகத் தமிழில் சொன்னேன். முடிக்கும்போது அழுதுகொண்டிருந்தேன். "இங்கிலீஷ் நல்லா இருக்கு பிள்ளே" என்று சொல்லிவிட்டுப் பெட்டி கட்டப் போனார்.

இப்போது நான் ஷார்ஜாவில், ஒரு கட்டடக் கம்பெனியில் பாதுகாப்பு இன்ஸ்பெக்டர். போன மாதம் அந்தப் பக்கம் போனேன். கிளப் இல்லை, ஆயுத அறை இல்லை, திடல் முழுக்க ஒரே அச்சில் வார்த்த வில்லாக்கள். மேனேஜர் எந்த நாட்டில் இருக்கிறானோ தெரியாது. அப்பா இறந்து மூன்று வருடமாகிறது. கடைசிக் காலத்தில் ஒருநாள் அவரிடம் கேட்டேன், மகள் எழுதியது என்று அன்றைக்கு அவனிடம் ஏன் சொல்லவில்லை என்று. "சொன்னா உன்னைக் கூப்பிட்டு நிக்க வைப்பான்" என்றார். ஒருமுறை, ஒரே ஒருமுறை, அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவே இல்லை. அவர் என்மேல் படாமல் விட்ட கோபத்தையும் சேர்த்து நானே என்மேல் பட்டுக்கொண்டிருக்கிறேன்.