த-வின் வால்

கேக் கடையில் அவளுக்கு மின்னல் என்று பெயர். வேலையில் மட்டுமல்ல, எழுத்திலும் அப்படித்தான். வாடிக்கையாளர் சொல்லி முடிப்பதற்குள் ஆர்டர் சீட்டை எழுதிவிடுவாள். படிப்பவர்தான் கண்ணைக் கசக்கிக்கொள்ள வேண்டும். கோழி கிண்டிய மாதிரி என்று சொன்னால் கோழிக்குக் கோபம் வரும்.

பகலில் சித்தியின் கடை, மாலையில் கல்லூரி. போன தேர்வில் கோட்டை விட்டிருந்தாள். பதில் தெரியாமல் இல்லை. "நீ எழுதினத யாராலயும் படிக்க முடியலம்மா" என்று ஆசிரியை கையை விரித்துவிட்டார். "இந்தத் தடவையும் போச்சுன்னா படிப்ப மூட்ட கட்டிட்டுக் கடையிலயே இரு" என்று சித்தியும் சொல்லிவிட்டாள்.

ஒருநாள் ஒரு பெண் கேக் பெட்டியோடு திரும்பி வந்தாள். வெள்ளைக் கிரீமின் மேல் அழகான சாக்லேட் எழுத்தில், 'அன்புள்ள காக்காவுக்கு'.

"எங்க தாத்தாவுக்குப் பொறந்தநாளு. அவரு காக்காவா?"

சித்தி கேக் மாஸ்டரை முறைத்தாள். "சீட்டுல அப்படித்தான் இருந்துச்சு. யாரையோ செல்லமா கூப்பிடுறாங்கன்னு நெனச்சேன்" என்றார் அவர்.

மின்னல் சீட்டைப் பார்த்தாள். தாத்தா என்றுதான் எழுதியிருந்தாள். ஆனால் அவசரத்தில் த-வின் வாலைக் கீழே இழுக்காமலே அடுத்த எழுத்துக்குத் தாவியிருந்தாள். மூன்று த-வும் க-வாகி நின்றன. விடைத்தாளிலும் இதே கூத்துதான் நடந்திருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது, கூடவே கொஞ்சம் நிம்மதியும். எல்லா எழுத்தும் மோசம் என்றால் எங்கே தொடங்குவது? ஒரு வால் என்றால் பிடித்துவிடலாம்.

"நீ பண்ணத நீயே சரி பண்ணு" என்று சித்தி சாக்லேட் பிழிந்து எழுதும் பையைக் கையில் திணித்தாள். மாஸ்டர் பழைய எழுத்தைச் சுரண்டிக் கொடுத்தார். அந்தப் பையை அவசரப்படுத்தினால் பொதக்கென்று கொட்டிவிடும். நிதானமாக அழுத்தினால்தான் கோடு வரும். வேறு வழியில்லாமல் நிதானமாக எழுதினாள். த முழுசாக, வாலோடு வந்தது.

அதன்பின் மீந்த சாக்லேட்டெல்லாம் பட்டர் பேப்பரில் எழுத்தானது. த படிந்ததும் மற்ற எழுத்துகள், பிறகு பேனா. "இவ பாஸாகறதுக்குள்ள என் கடை காலியாயிடும்" என்று சித்தி புலம்பினாள். ஆனால் மிச்ச சாக்லேட்டைத் தனியாக எடுத்து வைத்ததும் அவள்தான்.

தேர்வில் வாலை இழுத்து இழுத்து எழுதியதில் கடைசிக் கேள்விக்கு நேரம் இல்லாமல் போனது. எல்லாம் போச்சு என்று மின்னல் அழுதாள். ஆனால் எழுதிய வரைக்கும் யாரோ படித்திருந்தார்கள். பாஸ். அன்று கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் சித்தி சும்மாவே கேக் வெட்டிக் கொடுத்தாள்.

அடுத்த பிறந்தநாளுக்கு அந்தத் தாத்தாவே கடைக்கு வந்தார். "போன வருஷம் மொதல்ல எழுதின மாதிரி காக்கான்னே எழுதும்மா. வீட்டுல இப்ப எல்லாரும் என்ன அப்படித்தான் கூப்பிடுறாங்க."

மின்னலே பையை எடுத்தாள். எழுதி முடித்துப் பெருமையோடு கேக்கை அவர் பக்கம் திருப்பினாள். அவர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"என்னம்மா, தாத்தான்னு எழுதியிருக்க?"

மின்னல் குனிந்து பார்த்தாள். மூன்று வாலும் தொங்கின. அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"மன்னிச்சுக்குங்க தாத்தா. கை இப்பல்லாம் பாதியில நிக்க மாட்டேங்குது."