இருபத்திரண்டு

ரொட்டிக் கம்பெனி வேன் ஓட்டுகிறவருக்கு அங்கே வைத்த பெயர் 'இருபத்திரண்டு'. மற்றவர்கள் வண்டி லிட்டருக்குப் பதினாறு கிலோமீட்டரைத் தாண்டினாலே பெரிய விஷயம். இவர் வண்டி இருபத்திரண்டு கொடுக்கும். மெக்கானிக்கே மண்டையைப் பிய்த்துக்கொண்டார். மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு சின்னத் திரை. இந்த நொடி லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று அதில் எண் ஓடிக்கொண்டே இருக்கும். ஆக்சிலேட்டரை மிதித்தால் ஏழுக்கு விழும். காலை எடுத்தால் முப்பதைத் தாண்டும். மனைவி இறந்த இந்த மூன்று வருஷத்தில் மனுஷன் கண்கொட்டாமல் பார்த்தது அதை ஒன்றைத்தான். சோறு ருசிக்கவில்லை, பேச்சு பிடிக்கவில்லை. எண் ஏறினால் மட்டும் உள்ளே ஏதோ லேசாக அசையும்.

அன்று காலை பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணி போன் செய்தார். அண்ணனுக்கு மூச்சு இழுக்கிறது, தம்பி வந்துட்டானா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார், உடனே வரணும் என்றார். மேனேஜர் வேனிலேயே போகச் சொல்லிவிட்டார். பத்தொன்பது கிலோமீட்டர்.

இவரும் மிதித்துக்கொண்டுதான் கிளம்பினார். எண் ஏழுக்கு விழுந்தது. கால் தன்பாட்டுக்குத் தளர்ந்தது. மறுபடி மிதித்தார், மறுபடி தளர்ந்தது. அதற்கப்புறம் மிதிக்கவே இல்லை. தூரத்தில் சிக்னல் பச்சையாக இருக்கும்போதே, எப்படியும் சிவப்பு விழும் என்று காலை எடுத்துவிட்டார். வண்டி உருண்டு போய்ச் சேர்வதற்குள் சிவப்பு விழுந்தது. ஒரு சிக்னல் இல்லை, நாலு சிக்னல். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்து அடித்து அலுத்துப்போய் முந்திக்கொண்டு போனான். ஐயோ, இந்த மனுஷனுக்கு அது உறைக்கவே இல்லையே!

ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை அணைத்தபோது திரையில் 'இந்தப் பயணம் 24.6' என்று வந்தது. இதுவரை வராத எண். ஒரு நொடி சந்தோஷப்பட்டார்.

மாடியில் அண்ணன் முகத்தை மூடியிருந்தார்கள். பத்து நிமிஷம் ஆகிறதாம். கடைசிவரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாராம். அழுகை வருமா என்று இவர் நின்று பார்த்தார். வரவில்லை. வலது கால் மட்டும் ஆக்சிலேட்டரை மிதிப்பதுபோல் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, குறை சொல்வதாக இல்லாமல், சும்மாதான் கேட்டார்.

"வழியில ரொம்ப நெரிசலா தம்பி?"

"இல்ல அண்ணி" என்றார். "ரோடு காலியாத்தான் இருந்துச்சு."