மானைத் தொட்ட குற்றம்

இன்று காலை எங்கள் பூங்காவில் ஒரு மான் கம்பிவேலிக்குள் தலையை விட்டு மாட்டிக்கொண்டது.

அதைக் குறை சொல்ல முடியாது. அந்தச் சின்ன அடைப்புக்குள் வருஷா வருஷம் மான்கள் பெருகி, இப்போது உள்ளே புல்லே இல்லை. வெளியே நாங்கள் நடக்கும் பாதையோரம் பச்சைப்பசேல் என்று இருக்கிறது.

கம்பி கழுத்தை இறுக்க, மூச்சு வாங்கியபடி நின்றது. சூப்பர்வைசரிடம் ஓடினேன்.

"பார்க் மட்டும்தான் நம்மது மேடம். மான் வேற டிபார்ட்மெண்ட்."

மானுக்குப் பொறுப்பான அலுவலகத்துக்குப் போன் செய்தேன். "வேலி எங்களோடது இல்லையே மேடம்."

வேலிக்குப் பொறுப்பானவர் தங்கமான மனிதர். "போட்டோ எடுத்து ஆப்ல போடுங்க, பார்க்கிறோம்" என்றார். எடுத்தேன். மானும் முழு ஒத்துழைப்புத் தந்தது. அசையத் தெம்பிருந்தால்தானே!

அதற்குள் பாதையைக் கூட்டிக்கொண்டிருந்த விவேக் நகர் செல்வி அக்கா துடைப்பத்தைப் போட்டுவிட்டு வந்தார். துப்பட்டாவால் மானின் கண்ணைக் கட்டினார். "சும்மா இரு கண்ணு" என்று தலையைப் பக்கவாட்டில் திருப்பி, மெல்ல உள்ளே தள்ளினார். மான் ஓடியே போய்விட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சூப்பர்வைசருக்குக் கோபம் வந்தது. "யாரைக் கேட்டு மான் மேல கை வெச்சே? லெட்டர் எழுதிக் குடு!"

லெட்டர் கன்னடத்தில் இருக்க வேண்டும். அக்காவுக்குக் கன்னடம் பேச வரும், எழுத வராது. நான்தான் எழுதினேன்.

"காரணம் என்னன்னு போடட்டும்க்கா?"

"அதுக்கு மூச்சு முட்டுச்சுன்னு போடும்மா."

அப்படியே எழுதி, சாட்சியாக நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இதற்கு ஜாமீன் கிடைக்குமா? வக்கீல் நண்பர்கள் கமெண்டில் சொல்லவும்.