சர்வேயர் வரும்வரை

புயல்காற்றில் எங்கள் கூரைத் தகரம் பறந்து மூன்று நாளாகியும் இன்சூரன்ஸ் சர்வேயர் மலையேறி வரவில்லை. அவர் பார்க்கும்வரை எதையும் தொடக்கூடாதாம். ஆலங்காயத்திலிருந்து வந்த கூரை மேஸ்திரி வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா, போட்டுடவா? இன்னிக்கு வுட்டா அடுத்த வாரந்தான் வருவேன்."

நான் உள்ளுக்கும் வாசலுக்குமாக நடந்தேன். உள்ளே கால் உடைந்து கிடந்த கணவரின் தலைக்கு மேல் தார்ப்பாய் படபடத்தது. தூறல் விழுந்ததும் பொறுக்க முடியவில்லை.

"போடுங்க" என்றேன். பிய்ந்த தகரங்களையெல்லாம் படமெடுத்து வைத்தேன்.

மறுநாள் சர்வேயர் வந்து புதுக்கூரையை முறைத்தார்.

"யாரைக் கேட்டுப் போட்டீங்க?"

"மழை வந்துடுச்சி சார்."

படங்களைப் பார்த்தார். கேட்ட இழப்பீட்டில் பாதிதான் கிடைத்தது. இப்போதும் காற்று அடித்தால் என்னால் ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை.